இமயமலைப் பனி 2035இல் தீர்ந்துவிடும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

கேள்வி இது: “இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் உருகிக் காணாமல் போய்விடும் என்று ஐ.நா. விஞ்ஞானிகள் சொன்னார்கள். அப்புறம் அது தவறு என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இதில் ஏமாற்றியவர்கள் மற்றதில் மட்டும் உண்மை பேசுவார்களா? காலநிலை மாற்றம் என்பதே அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் சேர்ந்து ஊதிப் பெருக்கிய விஷயம்தானே?”

நியாயமான கேள்வி. இதைக் கேட்பவர்களை அறிவியலுக்கு எதிரிகள் என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. 2035 விவகாரம் உண்மையில் நடந்தது. நீங்கள் சொல்லும் ஐ.நா. விஞ்ஞானிகளின் அமைப்பு ஐ.பி.சி.சி., அதாவது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு. அதன் வரலாற்றிலேயே பெரிய தலைகுனிவு அதுதான். அதனால் அதை மழுப்பாமல், என்ன நடந்தது என்பதை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். யார் எந்த இடத்தில் தவறினார்கள், அதைக் கண்டுபிடித்தது யார், அதை வைத்து யார் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

ஐ.பி.சி.சி. சொந்தமாக ஆய்வு செய்யும் நிறுவனம் இல்லை. 1988இல் உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து உருவாக்கியது. ஏற்கெனவே வெளியான ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுவதுதான் அதன் வேலை. மூன்று பணிக்குழுக்கள் உண்டு. முதல் குழு இயற்பியல் பக்கத்தைப் பார்க்கும்: வெப்பம் ஏறுகிறதா, ஏன் ஏறுகிறது, பனி எவ்வளவு குறைகிறது. இரண்டாவது குழு பாதிப்புகளைப் பார்க்கும். மூன்றாவது, தடுக்கும் வழிகளை. 2007இல் வந்த நான்காவது அறிக்கையில் பனிக்கென்றே ஓர் அத்தியாயம் முதல் குழுவின் தொகுதியில் இருந்தது. பனிப்பாறை வல்லுநர்கள் எழுதியது. அதில் 2035 என்ற பேச்சே கிடையாது. அந்த வாக்கியம் இருந்தது இரண்டாவது குழுவின் தொகுதியில், ஆசியா பற்றிய பத்தாவது அத்தியாயத்தில், ஒரே ஒரு பத்தியில்.

அங்கே அது எப்படி நுழைந்தது? 1999இல் இந்தியச் சுற்றுச்சூழல் இதழ் ஒன்றிலும் பிரிட்டிஷ் அறிவியல் வார இதழான நியூ சயன்டிஸ்ட்டிலும் இமயமலை பற்றிக் கட்டுரைகள் வந்தன. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பனிப்பாறை ஆய்வாளர் ஒருவரிடம் பேசி எழுதிய செய்திகள். 2035க்குள் பனிப்பாறைகள் மறைந்துவிடக்கூடும் என்ற கூற்று அவற்றில் இருந்தது. ஆய்விதழில் வந்த கணக்கு இல்லை, பேட்டியில் வந்த பேச்சு. 2005இல் உலக இயற்கை நிதியம் தன் அறிக்கையில் நியூ சயன்டிஸ்ட்டை மேற்கோள் காட்டி அதைச் சேர்த்தது. 2007இல் ஐ.பி.சி.சி.யின் ஆசிய அத்தியாயம் அந்த நிதியத்தின் அறிக்கையைச் சான்றாகக் காட்டி, ‘மிக அதிக வாய்ப்பு’ என்ற முத்திரையும் குத்தி வெளியிட்டது. ஒரு பத்திரிகைப் பேட்டி எட்டு வருடத்தில், அளவீடு எதுவுமே கூடச் சேராமல், உலகின் மிக உயர்ந்த அறிவியல் மதிப்பீடாக ஆகிவிட்டது.

அதே பத்தியில் இன்னொரு வாக்கியமும் இருந்தது. இமயமலைப் பனிப்பாறைகளின் பரப்பு 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 2035க்குள் 1,00,000 ஆகச் சுருங்கும் என்று. இமயமலையில் அவ்வளவு பனிப்பரப்பு கிடையவே கிடையாது. அது துருவப் பகுதிகள் நீங்கலாக உலகம் முழுவதற்குமான எண். 1996இல் யுனெஸ்கோ வெளியிட்ட ஆவணத்தில் ரஷ்ய ஆய்வாளர் கொட்லியாகோவ் எழுதியது. அவர் குறிப்பிட்ட ஆண்டு 2350.

பக்கத்திலேயே ஓர் அட்டவணை. அதில் குமாவுன் மலையிலுள்ள பிண்டாரி பனிப்பாறை ஆண்டுக்கு 135.2 மீட்டர் பின்வாங்குகிறது என்று போட்டிருந்தார்கள். தரவு என்ன? 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர். இது 121 வருடம். வகுத்தால் ஆண்டுக்கு 23.5 மீட்டர்தான் வரும். யாரோ 21ஆல் வகுத்திருக்கிறார்கள். கால்குலேட்டர் வைத்திருந்த எந்தப் பள்ளி மாணவரும் பிடித்திருக்கக்கூடிய பிழை இது. ஏறக்குறைய ஆயிரம் பக்கத் தொகுதிக்குள் போய்ப் பதுங்கிவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை.

யார் கண்ணிலும் படவில்லை என்பதும் முழுச் சரியில்லை. வரைவைப் பார்த்தபோதே ஜப்பான் அரசு, இந்தக் கூற்றுக்கு எவ்வளவு உறுதி இருக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தது. முதல் குழுவில் இருந்த ஆஸ்திரியப் பனிப்பாறை ஆய்வாளர் கியோர்க் காசர், 2006லேயே எச்சரித்ததாகப் பின்னர் சொன்னார். ஆசிய அத்தியாயத்தின் ஆசிரியர்கள் அதைத் திருத்தவில்லை. எனக்கு இதில் வருத்தம் தருவது இந்த இடம்தான். கேள்வி கேட்கும் ஏற்பாடு இருந்தது, கேள்வியும் வந்தது. பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

கடைசியில் இந்த முடிச்சை அவிழ்த்தவர் கனடாவின் டிரென்ட் பல்கலைக்கழகப் பனிப்பாறை ஆய்வாளர் கிரஹாம் காக்லி. ஒவ்வொரு மேற்கோளாகப் பின்னோக்கிப் போய், 1996 ஆவணம் வரை தேடிப் பிடித்தார். அவரும் காசரும் இன்னும் இருவரும் சேர்ந்து எழுதிய கடிதம் 2010 ஜனவரியில் சயன்ஸ் இதழில் வந்தது. 2035க்குள் எல்லாம் உருக வேண்டுமானால் 1960 முதல் 1999 வரை இருந்ததைப் போல 25 மடங்கு வேகத்தில் உருக வேண்டும், அது நடக்காது என்று அதில் கணக்குக் காட்டினார்கள். கவனியுங்கள், இந்த நால்வரும் காலநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் இல்லை. பனி உருகுவதை வாழ்நாள் முழுக்க அளப்பவர்கள். ஐ.பி.சி.சி. ஜனவரி 20 அன்று எழுத்தில் வருத்தம் தெரிவித்தது.

இனி தில்லிக்கு வருவோம். அரசியல் எப்படி உள்ளே வந்தது என்பது அங்கேதான் தெரியும். 2009 நவம்பரில், கோபன்ஹேகன் மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பு, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஒரு விவாதக் கட்டுரையை வெளியிட்டார். எழுதியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் முன்னாள் துணைத் தலைமை இயக்குநர் வி.கே. ரெய்னா. இமயமலைப் பனிப்பாறைகள் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை, கங்கோத்ரி 2007க்குப் பின் ஏறக்குறைய நின்றுவிட்டது, உருகுவதை வெப்பமாதலோடு இணைக்க உறுதியான ஆதாரமில்லை என்பது அதன் சாரம். ஐ.பி.சி.சி. தலைவராக இருந்த ராஜேந்திர பச்சௌரி கொதித்துப்போய் அதை ‘வூடூ அறிவியல்’ என்றார், அதாவது மாந்திரீகம்.

இரண்டு பக்கமும் எங்கே சரி, எங்கே தவறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2035க்கு ஆதாரம் துளிகூட இல்லை என்று ரமேஷ் சொன்னது சரி. பனிப்பாறைகளின் நிலை கவலைக்குரியது என்று அவர் சேர்த்துச் சொன்னதும் சரி. ஆனால் ரெய்னாவின் கட்டுரையும் சக ஆய்வாளர்களின் சரிபார்ப்பைக் கடந்து வந்ததில்லை. ஒரு பனிப்பாறையின் முனை இரண்டு வருடம் நகரவில்லை என்பதை வைத்து முடிவு கட்ட முடியாது. பெரிய பனிப்பாறைகள் மெதுவாகத்தான் எதிர்வினை காட்டும். முனை நின்ற இடத்தில் நிற்கும்போதே மேலே தடிமன் குறைந்துகொண்டிருக்கும். பச்சௌரி செய்தது அதைவிட மோசம் என்பது என் கருத்து. சவால் வந்ததும் அவர் செய்திருக்க வேண்டியது அந்தப் பத்தியின் மேற்கோளை எடுத்துப் பார்ப்பது. ஒரே மதியத்தில் முடிந்திருக்கும் வேலை. அதை விட்டுவிட்டு எதிராளியைத் திட்டினார். அந்த ஒரு சொல்லால், அடுத்த பல வருடங்களுக்கு மறுப்பாளர்கள் கையில் அவரே ஆயுதத்தைக் கொடுத்துவிட்டார்.

அதே நவம்பரில் பிரிட்டனின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்திலிருந்து காலநிலை ஆய்வாளர்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியாயின. ‘சரிவை மறை’ என்று ஒரு மின்னஞ்சலில் இருந்த சொற்கள் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியாயின. வெப்பநிலை சரிந்ததை மறைத்துவிட்டார்கள் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். உண்மையில் அந்தச் சரிவு, பழைய கால வெப்பநிலையைக் கணிக்கப் பயன்படும் சில வகை மர வளையங்களின் அடர்த்தியில் வந்தது. 1960க்குப் பிறகு அந்த வளையங்கள் வெப்பமானிகளோடு ஒத்துப்போகவில்லை. இது ஆய்விதழ்களில் ஏற்கெனவே பேசப்பட்ட சிக்கல். பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு உட்படப் பல விசாரணைகள் நடந்தன. தரவில் மோசடி இல்லை, ஆனால் தகவலைக் கேட்டவர்களுக்குத் திறந்து தருவதில் சுணக்கம் காட்டினார்கள் என்பதே முடிவு. குற்றச்சாட்டு முதல் பக்கத்தில் வந்தது. முடிவு உள்பக்கத்தில் வந்தது, பல இடங்களில் வரவேயில்லை.

பத்திரிகைகள் அந்த நேரத்தில் எப்படி நடந்தன என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2035 பிழை வெளியான சூட்டில், லண்டனின் சண்டே டைம்ஸ் அமேசான் காடு பற்றிய ஐ.பி.சி.சி. கூற்றும் போலி என்று ஜனவரி கடைசியில் எழுதியது. அந்தச் செய்தியில் மேற்கோள் காட்டப்பட்ட காட்டு ஆய்வாளர் சைமன் லூயிஸ், தான் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்று முறைப்படி புகார் கொடுத்தார். ஜூன் மாதம் அந்தப் பத்திரிகை செய்தியைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது. நடுவில் ஐந்து மாதம் ஓடிவிட்டது. அதற்குள் அந்தச் செய்தி எத்தனை நாடுகளுக்குப் போயிருக்கும், எத்தனை அரசியல்வாதிகள் அதை மேடையில் பேசியிருப்பார்கள்!

சரி, 2035ஐ எடுத்துவிட்டால் எது விழுகிறது? அந்தப் பத்தி விழுகிறது, அவ்வளவுதான். கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது 1859இல் ஜான் டின்டால் ஆய்வகத்தில் அளந்த விஷயம். 1896இல் ஸ்வீடனின் அரீனியஸ், அந்த வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையால் கணக்குப் போட்டார். 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்கு அந்த வாயு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. சூரியன்தான் காரணமோ என்றால், 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஆற்றலை அளக்கின்றன. அதில் ஏறுமுகம் இல்லை. சூரியன் காரணமாக இருந்தால் மேல் வளிமண்டலமும் சூடாக வேண்டும். அது குளிர்ந்துகொண்டிருக்கிறது.

வெப்பநிலைப் பதிவுகளை நம்பாத இயற்பியலாளர் ஒருவரே முதலிலிருந்து எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பார்த்ததும் உண்டு. கலிபோர்னியாவின் ரிச்சர்ட் முல்லர். அவர் திட்டத்துக்கு நிதி கொடுத்தவர்களில், எண்ணெய்த் தொழிலில் இருந்த கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் ஒன்று. 2012இல் அவர் வெளியிட்ட முடிவு: பழைய பதிவுகள் சரி, வெப்பமாதலுக்குக் காரணம் ஏறக்குறைய முழுக்க மனிதர்களே. சந்தேகப்படுவது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சந்தேகித்தார், அளந்தார், அளவு சொன்னதை ஏற்றுக்கொண்டார்.

இமயமலைப் பனியின் இன்றைய நிலைக்கும் இப்போது நேரடி அளவு இருக்கிறது. 1970களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் ஃபிலிமில் படம் எடுத்து, அந்தச் சுருளைப் பாராசூட்டில் கீழே போடும். விமானம் நடுவானில் அதைப் பிடிக்கும். ரகசியம் விலக்கப்பட்ட அந்தப் படங்களையும் பிந்தைய செயற்கைக்கோள் தரவையும் ஒப்பிட்டு, 2,000 கிலோமீட்டர் நீளத்தில் சுமார் 650 பனிப்பாறைகளின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். 2019இல் வெளியானது. 1975 முதல் 2000 வரை ஆண்டுக்குச் சராசரியாகக் கால் மீட்டர் போலத் தடிமன் குறைந்திருக்கிறது. 2000க்குப் பிறகு அரை மீட்டர் போல. வேகம் இரண்டு மடங்கு.

மலை மேலேயே நின்று அளப்பவர்களும் இருக்கிறார்கள். இமாச்சலின் சோட்டா ஷிக்ரி பனிப்பாறையில் 2002 முதல் ஆண்டுதோறும் போகிறார்கள். நீராவியால் பனியில் துளையிட்டு மூங்கில் கழிகளை ஆழமாக இறக்கிவிட்டு வருவார்கள். அடுத்த வருடம் போனால் கழி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு பனி உருகியிருக்கிறது. காட்மாண்டுவில் இயங்கும் சர்வதேச மலை மேம்பாட்டு மையம் 2019இல் சொன்னது, வெப்பமாதலை 1.5 டிகிரியில் நிறுத்தினால்கூட இந்த மலைத்தொடரின் பனியில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டுக்குள் போய்விடும் என்று. காரகோரம் பகுதியில் மட்டும் பனிப்பாறைகள் நெடுங்காலம் நிலையாக இருந்தன. அதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. தனி விலக்காக எடுத்து ஆராய்கிறார்கள்.

உங்கள் கேள்வியின் அரசியல் பகுதிக்கு வருகிறேன். காலநிலை விஷயத்தில் அரசியல் கலந்திருக்கிறது என்பது உண்மை. எந்தத் திசையில் கலந்திருக்கிறது என்பதற்கு ஆவணங்கள் இருக்கின்றன. எக்ஸான் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1977 முதலே வெப்பமாதலைக் கணக்கிட்டார்கள். அந்தக் கணிப்புகளில் பெரும்பாலானவை பின்னர் சரியாகவே நடந்தன என்று 2023இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதே நிறுவனம் வெளியில் பல வருடம் ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்று பேசிக்கொண்டிருந்தது. 2002இல் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் பிரசார ஆலோசகர் ஃபிராங்க் லன்ட்ஸ், அறிவியலில் இன்னும் உறுதியில்லை என்பதையே விவாதத்தின் மையமாக வைத்திருங்கள் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார். 2019இல் செனட் குழு ஒன்றின் முன் தான் தவறு செய்ததாக அவரே சொன்னார். ‘இரண்டு பக்கத்தையும் கேட்கிறோம்’ என்ற பத்திரிகை வழக்கம் இந்த உத்திக்கு வழி விட்டது. 2017 ஆகஸ்டில் பி.பி.சி. வானொலியில் முன்னாள் நிதியமைச்சர் லாசன், கடந்த பத்து வருடத்தில் உலக வெப்பநிலை சற்றுக் குறைந்திருக்கிறது என்றார். அது தவறு. நிகழ்ச்சியில் யாரும் திருத்தவில்லை. பிரிட்டனின் ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பு அடுத்த ஆண்டு அதை விதிமீறல் என்று தீர்ப்புச் சொன்னது.

நம் ஊரில் கதை வேறு. இங்கே எந்தப் பெரிய கட்சியும் காலநிலை மாற்றத்தை மறுப்பதில்லை. தப்பிக்கும் வழியாக அதைப் பயன்படுத்துகிறார்கள். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அதே வாரம் பாரிஸில் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்ததால், சென்னை வெள்ளத்துக்குக் காலநிலை மாற்றமே காரணம் என்ற பேச்சு எல்லாப் பக்கமும் எழுந்தது. தில்லி ஐ.ஐ.டி. ஆய்வாளரும் இடம்பெற்ற சர்வதேசக் குழு ஒன்று இதை ஆராய்ந்து 2016இல் முடிவு சொன்னது: அந்தக் குறிப்பிட்ட மழையில் வெப்பமாதலின் தடயத்தைக் கண்டறிய முடியவில்லை. காற்றிலுள்ள மாசுத் துகள்கள் வெப்பமாதலின் விளைவை அங்கே ஈடுகட்டியிருக்கலாம் என்றும் எழுதினார்கள். காலநிலை விஞ்ஞானிகள் எல்லாவற்றுக்கும் காலநிலை மாற்றத்தையே காரணம் காட்டுவார்கள் என்று நினைப்பவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதையும், நீர்வழி ஆக்கிரமிப்புகளையும் ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்துக்கு வந்தபோது, அது மனிதர்களால் உண்டான பேரிடர் என்றது. மழைக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. ஏரிக்கும் ஆக்கிரமிப்புக்கும் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். அதனால்தான் ஆட்சியில் இருப்பவர்களுக்கு மழையைப் பற்றிப் பேசுவது வசதி.

தொலைக்காட்சிகளும் இதற்கு உதவுகின்றன. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் வெள்ளம் வந்து இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். ‘பனிப்பாறை வெடித்தது’ என்று நாள் முழுக்கச் சொன்னார்கள். ரோன்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியுமாக சுமார் 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து விழுந்தது என்று பின்னர் ஆய்வு காட்டியது. அதற்குள் காமிராக்கள் கிளம்பிவிட்டன. அந்தப் பள்ளத்தாக்கில் மின்திட்டங்களை அனுமதித்தது யார், தொழிலாளர்களுக்கு எச்சரிக்கை ஏற்பாடு ஏன் இல்லை என்ற கேள்விகள் கேட்கப்படாமலே போயின.

அறிவியலை மறுப்பதைவிட, தலையாட்டிவிட்டு ஒதுக்குவதுதான் நம் நாட்டில் அதிக உயிர்களை வாங்குகிறது என்பது என் எண்ணம். சிக்கிமில் தெற்கு லோனாக் பனி ஏரியைப் பாருங்கள். சுமார் 5,200 மீட்டர் உயரத்தில், மேலேயுள்ள பனிப்பாறை உருக உருகப் பெரிதாகிக்கொண்டே வந்த ஏரி. அது உடையும் ஆபத்தைப் பற்றிப் பல வருடம் ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. 2016இல் குழாய் போட்டுத் தண்ணீரை இறக்கவும் முயன்றார்கள். 2023 அக்டோபர் முதல் வாரத்தில் கரைச்சரிவு ஏரிக்குள் விழுந்து, அலை எழும்பி, ஏரி உடைந்தது. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 அணையை அடித்துக்கொண்டு போனது. ஆபத்து இல்லை என்று எந்த அமைச்சரும் சொல்லவில்லை. யாரும் மறுக்காமலே அந்த எச்சரிக்கை கோப்பில் கிடந்தது. 2025 ஜனவரியில், அதே இடத்தில் முன்னதைவிட உயரமான கான்கிரீட் அணை கட்ட மத்திய அரசின் நிபுணர் குழு பரிந்துரை செய்தது. 2035 பிழைக்காக ஐ.பி.சி.சி.யிடம் கேட்ட அதே கேள்வியை இப்போது இந்தக் குழுவிடமும் கேட்க வேண்டும்: மேலே மிச்சமிருக்கும் பனியையும் ஏரிகளையும் அளந்து பார்த்துத்தான் இதை எழுதினீர்களா, அந்தக் கணக்கு எங்கே?